ஒரே ஜீப்பை வைத்துச் செய்த சோதனை

காந்தப் புலத்தை அளக்கும் சென்சாருக்கு முதன்முறையாக சர்க்யூட் போர்டு வரைய உட்காரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். செய்யக் கூடாதவை எல்லாம் சென்சார் தயாரிப்பவர்களின் வழிகாட்டியிலேயே இருக்கின்றன. அருகில் இரும்புத் திருகு வைக்கக் கூடாது. பேட்டரியைத் தள்ளி வைக்க வேண்டும். அதிக மின்னோட்டம் ஓடும் செம்புத் தடத்தைச் சென்சாருக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. இவற்றை நீங்கள் படித்துக்கொள்வீர்கள். வழிகாட்டி போர்டின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. போர்டு அங்கே முடிவதில்லை. அது ஒரு பெட்டிக்குள் போகும், பெட்டி ஒரு கம்பத்தில் ஏறும், கம்பம் ஒரு ரோட்டோரத்தில் நிற்கும். அந்த ரோட்டில் யாரோ வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தப் பகுதியைப் பற்றித்தான் இது.

என் வேலைக்காலத்தின் கடைசிப் பகுதியில் நான் மலையடிவாரத்துப் போடியில் இருந்தேன். பெங்களூரில் நெடுங்காலம் போர்டு லேஅவுட் வரைந்துவிட்டு, கம்பெனிகளுக்குத் தனியாக வரைந்து கொடுக்கும் ஏற்பாட்டோடு ஊருக்கு வந்திருந்தேன். ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் வாடகை அறை. கீழே பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டே நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பார்கள். வார்த்தை புரியாது, பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் தரை வழியாகக் கேட்கும். மேலே நான் ஒருத்தி, ஒரு திரை, ஒரு மின்விசிறி. வேலை சம்பந்தமாகப் பேச வேண்டும் என்றால் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ போன் போட வேண்டும். பல நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சும் மெஸ்காரரிடம் "ரெண்டு இட்லி" என்று சொன்னதாகவே இருக்கும்.

அப்போது வந்த வேலை இது. குரங்கணிக்கு மேலே தோட்டங்களுக்குப் போகும் ஜீப் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. உள்பக்கம் பாறை, வெளிப்பக்கம் பள்ளம். ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் தெரியமாட்டார், இறங்குகிறவருக்கு ஏறுகிறவர் தெரியமாட்டார். காலையில் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் மாலையில் அவர்களை இறக்கிக்கொண்டு வரும். நடுவில் உர மூட்டையும் அரிசியும் ஏறும். வளைவில் ஹார்னை அழுத்திக்கொண்டே திரும்புவதுதான் வழக்கம். தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து அங்கே எச்சரிக்கை விளக்கு வைக்கக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றைக் கேட்டார்கள். அந்தக் கம்பெனி போர்டு வரைய என்னைக் கேட்டது.

ஏற்பாடு எளிமையானது. வளைவுக்கு மேலே ஓர் இரும்புக் கம்பம், கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, ஒரு விளக்கு. கீழிருந்து ஜீப் ஏறினால், அதன் இரும்பு உண்டாக்கும் காந்தப் புல மாற்றத்தைக் கீழ்ப் பெட்டியின் சென்சார் உணர்ந்து, மேல் கம்பத்து விளக்கை எரியவைக்கும். மேலிருந்து ஜீப் இறங்கினால் மேல் பெட்டி உணர்ந்து கீழ் கம்பத்து விளக்கை எரியவைக்கும். வண்டி வளைவைக் கடக்கும் அளவு நேரம் எரிந்துவிட்டு விளக்கு தானே அணையும். எதிரே வண்டி வருகிறது என்பதற்கு விளக்கு, வழி காலி என்பதற்கு இருட்டு. இவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் சென்சாரும் விளக்கை இயக்கும் பகுதியும் ஒரே போர்டில் இருந்தன. விளக்குக்குப் போகும் மின்னோட்டம் தானே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். சென்சார் அதையும் அளந்துவிடும். அதனால் சென்சாரை ஒரு மூலைக்குக் கொண்டுபோய், சுற்றிலும் ஒன்றுமே வைக்காமல் விட்டேன். விளக்குக்குப் போகும் தடத்தை மேல் அடுக்கிலும், திரும்பி வரும் தடத்தை அதற்கு நேர் கீழே அடுத்த அடுக்கிலும் ஓட்டினேன். போகும் மின்னோட்டத்தின் புலத்தைத் திரும்பும் மின்னோட்டத்தின் புலம் அழித்துவிடும். விளக்கு எரிவது சென்சாருக்குத் தெரியவே தெரியாது. முதல் போர்டு கைக்கு வந்ததும் மேசையில் வைத்து விளக்கை எரித்து அணைத்துப் பார்த்தேன். அளவு அசையவில்லை.

அந்த மாலை யாரிடமாவது அதைக் காட்ட வேண்டும் போல இருந்தது. இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு ஏறி வந்தேன்.

கம்பங்களை நட்ட அன்று ஜீப் டிரைவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரபீக் என்று போடிக்காரர் ஒருவர். அந்த ரோட்டில் பெண்களை ஏற்றி இறக்குவதில் பழையவர். வாய் அதிகம்.

"ஏங்க்கா, இது எங்களப் பாத்து எரியுமா, வண்டியப் பாத்து எரியுமா?"

"வண்டியோட இரும்பைப் பாத்து."

"அப்ப மாரிமுத்து வண்டிக்கு எரியாது. அதுல இரும்பே கெடையாது, பூரா துருதான்."

மாரிமுத்து என்பவர் லோடு ஜீப் ஓட்டுகிறவர். "துருவும் இரும்புதான் பாய், நீ ஓட்டுறதுல அதுவும் இல்ல" என்றார். இருவர் வண்டியையும் ஏற்றி இறக்கிச் சோதித்தோம், ஒவ்வொன்றாக. எல்லா முறையும் சரியாக எரிந்தது. இந்த "ஒவ்வொன்றாக" என்ற சொல்லை நீங்கள் கவனித்திருந்தால் அன்றைக்கு என்னைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

முதலில் சந்தேகப்பட்டவர்கள் போகப்போக விளக்கை நம்பத் தொடங்கினார்கள். வளைவில் ஹார்ன் அடிப்பது குறைந்து, பிறகு நின்றே போனது. மழைக்காலம் ஒன்று வந்து போனது.

ஒரு காலையில் ரபீக் போன் செய்தார். வழக்கமான குரல் இல்லை.

"அக்கா, நேத்து சாயங்காலம் லைட்டு எரியலக்கா."

பெண்களோடு இறங்கி வந்திருக்கிறார். மேல் கம்பத்து விளக்கு இருட்டாக இருந்ததால் வழி காலி என்று திரும்பியிருக்கிறார். எதிரே மாரிமுத்துவின் லோடு ஜீப். இருவரும் பிரேக்கை மிதித்ததில் ரபீக்கின் வண்டி பாறைப் பக்கம் உரசி நின்றது. முன்சீட்டில் இருந்த பேச்சியம்மாவுக்கு நெற்றியில் தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

மாரிமுத்துவிடம் பேசினேன். "எனக்கு எரிஞ்சுச்சுக்கா. மேல இருந்து வண்டி வருதுன்னு தெரியும். ஆனா ஏறுற வண்டி நானு. அவருல்ல ஒதுங்கி நிக்கணும்?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. லோடோடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. இறங்குகிறவர்தான் ஒதுங்குவார். கீழ் விளக்கு எரிவதைப் பார்த்தாலும் மாரிமுத்து நிற்கமாட்டார். மேலே இருப்பவர் தன் விளக்கைப் பார்த்து நின்றிருப்பார் என்று நம்பி வருவார்.

ஒருவருக்கு விளக்கு எரிந்திருக்கிறது, ஆகவே கருவி வேலை செய்திருக்கிறது, ஆகவே ரபீக் பார்க்காமல் திரும்பியிருக்கிறார். தோட்டத்து மேனேஜர் அப்படித்தான் முடிவு செய்தார். ரபீக்கின் டிரிப்பை அன்றே நிறுத்திவிட்டார். பெண்களை இறக்க வேறொரு டிரைவர் போவார் என்றார்கள்.

கோயம்புத்தூர் கம்பெனியின் இளைஞரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "மேடம், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட் வேணும். ஹார்டுவேர் ஓகேன்னு ஒரே வரி போதும். மத்த வளைவுகளுக்கான ஆர்டர் இதுலதான் நிக்குது."

ரபீக்கின் உரசல் விழுந்த ஜீப்பிலேயே மேலே போனேன்.  கீழ் கம்பத்தருகே ஒரு கல்லில் லேப்டாப்பை வைத்து, பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து, சென்சார் அளப்பது திரையில் கோடாக ஓடும்படி செய்தேன். வண்டி அருகே வந்தால் கோடு மேலே எழும். ஒரு வரம்பைத் தாண்டினால் எதிர்முனை விளக்கு எரியும்.

"ஏறுங்க ரபீக்."

ஏறினார். கோடு எழுந்தது. மேல் விளக்கு எரிந்தது.

"எரியுதாக்கா?"

"எரியுது."

இறங்கினார். கீழ் விளக்கு எரிந்தது. விளக்கு அணைந்ததும் வண்டியைத் திருப்பி மறுபடி ஏறினார். மறுபடி எரிந்தது. ஒவ்வொரு முறையும் ஜன்னலில் தலையை நீட்டி "எரியுதா?" என்று கேட்பார். நான் "எரியுது" என்பேன். கெட்ட செய்தி கேட்டவர்போலத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். கருவி சரியாக இருக்க இருக்க அவர் சொன்னது பொய்யாகிக்கொண்டிருந்தது. கடைசியில் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவ போறேன்க்கா."

"வேணாம். டீசல் வீண்."

"நான் பாத்தேன்க்கா. பேச்சியம்மா வெத்தல மடிச்சுக் குடுத்தாங்க. வாங்கி வாயில போட்டுட்டு, நிமிந்து லைட்டத்தான் மொதல்ல பாத்தேன். இருட்டு."

சற்று மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறிக் கோயம்புத்தூருக்குச் சொன்னேன். "டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே மேடம்? அப்புறம் என்ன யோசனை? டிரைவர் கண் அசந்திருப்பான். நீங்க எறங்கி வாங்க" என்றார். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.  கீழே ரபீக் எனக்காகக் காத்திருந்தார், கோயம்புத்தூரில் அந்த இளைஞர் என் வரிக்காகக் காத்திருந்தார்.  பள்ளத்திலிருந்து மஞ்சு வெள்ளைப் புகைபோல ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடம்தான் உங்களுக்கும் வரும். கருவி எல்லாச் சோதனையிலும் தேறுகிறது. ஒரு மனிதர் மட்டும் இல்லை என்கிறார். கேட்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. உங்களிடம் இருப்பது ஒரு மாலை நேரம், அதற்குள் பெண்கள் இறங்கி வருவார்கள். ஹார்டுவேர் சரி என்று எழுதுவதற்கு ஆதாரம் இருந்தது. சரியில்லை என்று எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் சரி என்ற அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. ரபீக் மீது இரக்கத்தால் அல்ல. இருவரில் யார் பொய் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இருவருமே உண்மை சொல்கிறார்கள் என்றால் போர்டு என்ன செய்திருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. கேட்டும் எனக்கு விடை தெரியவில்லை. விளக்கு மின்னோட்டம் செல்லும் இடத்தை நான் கச்சிதமாக வரைந்திருந்தேன். கச்சிதமாக வரைந்த இடம் என்பதாலேயே அங்கே தேடவில்லை.

விடை தெரியாவிட்டாலும் அன்றைய மாலைக்கு ஒரு முடிவு வேண்டும். முதலில் தோன்றியது, ஃபியூஸைப் பிடுங்கி எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்பது. சந்தேகமுள்ள கருவியை நிறுத்தி வைப்பது மேசையில் சரி. அந்த ரோட்டில் அது ஆபத்து. அங்கே அணைந்த விளக்கு வழி காலி என்று சொல்லிவிடும். ஆகவே எதிர்மாறாகச் செய்தேன். இரண்டு பெட்டியையும் திறந்து, இரண்டு விளக்கும் விடாமல் எரியும்படி போர்டிலுள்ள சுவிட்சைக் கட்டிவிட்டேன். எப்போதும் எரியும் விளக்கை யாரும் நம்பமாட்டார்கள். அன்று மாலை அவர்களிடம் எனக்கு வேண்டியிருந்ததும் அந்த அவநம்பிக்கைதான்.

கட்டிவிட்டுக் கீழ்ப் பெட்டியருகே வந்து உட்கார்ந்தபோது மாரிமுத்து லோடோடு ஏறி வந்தார். என்னைக் கடந்து கொஞ்சம் மேலே போய் நிறுத்தினார்.

"என்னக்கா, ரெண்டு பக்கமும் லைட்டப் போட்டு வச்சிருக்கீங்க. கல்யாண வீடா?"

 திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றிய ஒரு ஜீப் சென்சாரை ஒட்டிப் போயிருக்கிறது. கோடு லேசாகத் துடித்ததோடு சரி. வரம்பை எட்டவே இல்லை.

"ரபீக், ஏறுங்க."

"வேணாம்னீங்க?"

"வெரசா ஏறுங்க."

கீழ் விளக்கு எரியும்போது ஏறினார். கோடு எழவில்லை. விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னேன். எழுந்தது. மறுபடி மாட்டினேன். எழவில்லை. தன் விளக்கு எரிகிறபோது கீழ் சென்சாருக்கு ஜீப் தெரியவில்லை. ஜீப் எவ்வளவு ஏற்றுகிறதோ அதில் பெரும்பகுதியை விளக்கின் மின்னோட்டம் இறக்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் நடந்தது அப்போது எனக்கு வரிசையாகத் தெரிந்தது. ரபீக் முதலில் மேல் பெட்டியைக் கடக்கிறார். கீழ் விளக்கு எரிகிறது. எரிந்ததும் கீழ் சென்சார் செவிடாகிறது. அந்த நேரத்தில் மாரிமுத்து ஏறுகிறார். அவர் வருவது பதிவாகவில்லை. மேல் விளக்கு இருட்டாகவே இருக்கிறது. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் வரும் பிழை. அந்த விளக்கை வைத்ததே இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வருவதற்காகத்தான். நாங்களோ ஒவ்வொன்றாக ஓட்டிச் சோதித்திருந்தோம்.

சொன்னேன்.  "அப்ப நான் பொய் சொல்லலைல?" என்றார் ரபீக்.

"இல்ல."

மாரிமுத்து வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தார். "நானுந்தான் சொல்லல" என்றார்.

"ஒன்ன யாருடா சொன்னா மாப்ளே? ஒன் டிரிப்பயா நிறுத்துனாங்க?"

"கோவிச்சுக்காத பாய். நீ பாக்காமத்தான் வந்துட்டன்னு நானும் நாலு பேர்ட்ட சொல்லிட்டேன்."

"சொல்லுவ. ஒன் வண்டி ஒரசிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன்."

ஏன் என்பது இன்னும் பாக்கி. மேசையில் அசையாத அளவு இங்கே ஏன் அசைகிறது? நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தேன். விளக்கு நான் வரைபடத்தில் கொடுத்த உயரத்தில் இல்லை. மேலே ஏறியிருந்தது. அதற்குப் பெட்டியிலிருந்து ஒற்றை வயர் போனது.

"அத ஏத்தி வச்சது நாங்கதான்க்கா" என்றார் ரபீக். "மழைக்கு உண்ணிச்செடி வளந்து லைட்ட மறைச்சுச்சு. வெட்ட வெட்ட வளருது. நம்ம செல்வத்தக் கூட்டியாந்து ஏத்துனோம். காசு கூட வாங்கல அவரு."

செல்வம் போடியில் ஜீப்புகளுக்கு வயரிங் பார்ப்பவர். பாறையில் ஏறி அவருக்குப் போன் செய்தேன்.

"வயரு எட்டலக்கா. ரெண்டு கோர் வயரப் பிரிச்சு, ஒண்ணோட முனையில இன்னொண்ண முறுக்கி ஒரே நீள வயரா ஆக்கிட்டேன். லைட்டோட எர்த்து கம்பத்துலயே குடுத்துட்டேன். பேட்டரி நெகட்டிவையும் கம்பத்து போல்ட்டுல கட்டிட்டேன்."

"கம்பத்துலயா?"

"ஆமாக்கா, பாடி எர்த்து. ஜீப்புல பூரா அப்புடித்தான. நெகட்டிவுக்கு எவன் தனியா வயரு இழுப்பான்? ஏன், லைட்டு எரியலையா?"

"எரியுது."

"அப்பறம் என்னக்கா?"

அவர் கேட்டது நியாயம். ஜீப்பில் வண்டியின் உடம்புதான் எல்லா விளக்குக்கும் திரும்பும் வழி. அந்த ரோட்டில் ஓடும் எல்லா வண்டிக்கும் அவர் அப்படித்தான் கட்டியிருக்கிறார், எல்லாம் எரிகின்றன. இதுவும் எரிந்தது. ஆனால் மின்னோட்டம் இப்போது என் தடத்தில் போய், விளக்கு வழியாகக் கம்பத்தில் இறங்கி, நேராகப் பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. போகும் தடத்துக்கு நேர் கீழே நான் வரைந்து வைத்த திரும்பும் தடத்தில் எதுவும் ஓடவில்லை. போவதன் புலத்தை அழிக்க வருவது இல்லை. சென்சாரின் அந்த அமைதியான மூலைக்கு விளக்கின் புலம் முழுதாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

வயர் மறுநாள்தான் வரும். விளக்குகளை எரியவிட்டு, வளைவின் வெளிவிளிம்பில் நான் நின்றுகொண்டேன். அங்கிருந்து மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். ரபீக் கீழே போய் ஏறுகிற வண்டிகளை நிறுத்தி, விளக்கு இன்று பொய் சொல்லும் என்று சொல்லி அனுப்பினார். மஞ்சு வந்து மூடியபோது இரண்டு விளக்கும் இரண்டு மங்கலான பொட்டுகளாக இருந்தன. நெடுநேரம் எதுவும் வரவில்லை. அத்தனை நேரம் ஒரு வேலைக்காக நான் அதற்கு முன் நின்றதில்லை. எங்கள் வேலை உட்கார்ந்து செய்வது.

பெண்களின் ஜீப் ஊர்ந்து வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு பேச்சியம்மா எட்டிப் பார்த்தார். அன்றும் வேலைக்குப் போயிருக்கிறார்.

"யாரு, லைட்டுக்காரம்மாவா? ஏத்தா, இந்த மஞ்சுல ஒத்தையிலயா நிக்கிற?"

"லைட்டு சரியில்லம்மா. நாளைக்குச் சரியாயிரும்."

"அதான் ஒன்னயக் கொண்டாந்து நட்டு வச்சிருக்காகளாக்கும்" என்றார். ஜீப் முழுக்கச் சிரித்தது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "ரபீக்கு தம்பி மேல தப்பில்லைல?" என்றார்.

"இல்லம்மா."

"நான் அப்பவே சொன்னேன். பொம்பள பேச்ச எவன் கேட்டான்?"

அன்று இரவு கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். கேட்ட ஒரு வரி அதில் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருந்தேன். நிறுவிய பிறகு மாற்றியது டிரைவர்கள், ஆகவே கம்பெனி பொறுப்பல்ல என்று ஒரு வாசகம் சேர்க்கலாமா என்று அந்த இளைஞர் கேட்டார். சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கையெழுத்தில் என்றேன். சேர்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. மேனேஜருக்கும் நானே போன் செய்தேன். "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்கோ" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் ரபீக்குக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் செல்வம் நீளமான இரண்டு கோர் வயரோடு வந்தார். போக ஒன்று, வர ஒன்று என்று விளக்கு வரை இழுத்தார். பேட்டரியைக் கம்பத்திலிருந்து பிரித்தார். "இவ்வளவு சொகுசு ஜீப்புக்குக் கூடக் குடுத்ததில்ல" என்று முனகிக்கொண்டே செய்தார். பிறகு ரபீக்கையும் மாரிமுத்துவையும் காலி வண்டிகளோடு இரண்டு பக்கமும் அனுப்பி, ஒருவரை முந்தவிட்டு, மற்றவரை முந்தவிட்டு, சேர்ந்து வரவிட்டுப் பார்த்தோம். எல்லா முறையும் இரண்டு விளக்கும் எரிந்தன.

அடுத்த போர்டில் நான் மாற்றியது சிறியது. வழிகாட்டிகளில் இருக்காது, குறித்துக்கொள்ளுங்கள். முதல் போர்டில் விளக்கின் பாசிட்டிவ் பக்கத்தைத் துண்டித்து இணைக்கிற சுவிட்ச் இருந்தது. அதை நெகட்டிவ் பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது யாராவது பழக்கத்தில் நெகட்டிவைக் கம்பத்தில் கட்டினால் மின்னோட்டம் சுவிட்சைத் தொடாமலே திரும்பிவிடும், விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கட்டியவரே ஏணியில் நின்றபடி தலையைச் சொறிவார். தவறாகக் கட்டாதே என்று பெட்டியில் அச்சடிக்கலாம். அந்த எழுத்து வெயிலில் வெளுத்துவிடும். தவறு நடந்த இடத்திலேயே, நடந்த உடனே, ஆபத்தில்லாத பக்கமாகத் தெரிய வேண்டும். நீங்கள் வரையும் தடம் எங்கே முடிகிறது என்று உங்களிடம் கேட்டால் வயர் மாட்டும் கனெக்டரைக் காட்டாதீர்கள். விளக்கு வரை போய்த் திரும்பி வந்து காட்டுங்கள். வழியில் யார் கை படும், அவர்கள் கைப்பழக்கம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோதிக்கும்போது கருவி எதற்காக இருக்கிறதோ அதை நடத்திப் பாருங்கள்.

வயரை மாற்றிய அன்று மாலை நான் அங்கேயே தங்கிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. உண்ணிச்செடிப் புதருக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி உட்கார்ந்திருந்தேன். மேலே பெண்களின் ஜீப் சத்தம் கேட்டது. கீழ் விளக்கு எரிந்தது. அதே நேரம் கீழிருந்து மாரிமுத்து லோடோடு ஏறினார். திரையில் கோடு எழுந்தது. யாரும் சொல்லிவைத்து நடந்ததல்ல, அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வழக்கமாக நடப்பதுதான்.

பாறைக்கு அப்பால் ஜீப் வேகம் குறைந்து ஒதுங்குவது கேட்டது. நின்ற ஜீப்பிலிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. "...பந்தியில ஒக்காந்துக்கிட்டு அந்தச் சம்பந்திகாரி கேக்குறா, ஒங்க பக்கத்துல இதுக்குப் பேருதான் ரசமான்னு..." மாரிமுத்துவின் வண்டி இரைந்து ஏறிக் கடந்தது. இரைச்சல் ஓய்ந்ததும் ரபீக் வண்டியை எடுத்தார். வளைவைத் திரும்பி என்னைக் கடக்கும்போது அதே குரல் தொடர்ந்துகொண்டிருந்தது. "...நான் விடுவனா? ஆமாத்தா, ஒங்க பக்கத்துல வெந்நித் தண்ணிக்கு என்ன பேருன்னு கேட்டேன்."

ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். ரபீக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது.

அதற்குப் பிறகு இறங்குகிற வண்டி கிடையாது என்று எனக்குத் தெரியும். கையைக் காட்டியிருந்தால் ரபீக் நிறுத்தியிருப்பார், நெருக்கி ஓர் இடமும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பேச்சும் நின்றிருக்கும். குரங்கணிக்கு நடந்தே இறங்கினேன்.